ஒல்லித் தூணும் தடித்த சுவரும்

பழைய வீட்டைக் கடைகளாக மாற்றும் மேற்பார்வைத் தொழிலில் வீடு ஒருநாளும் தொல்லை தராது, குடிவருவோர்தாம் தருவர் என்பதை அதில் அடிபட்ட அன்பர்கள் நன்கறிவீர்கள். தொண்ணூறுகளில் மைசூருவில் சந்தைக்கு அருகே ஒரு மாடிவீட்டு வேலையை அடியேன் ஏற்றேன். உரிமையாளர் ரங்கநாயகி அம்மாள் மாடியில் தனியே வசித்தார். கீழ்ப்பகுதி ஐந்து கடைகளாக வேண்டும். அவர் விதித்த கெடு ஒன்றே: "தசராவுக்குள்ள கடை நிறையலேன்னா, இடிச்சுக் கட்டறவாளுக்கே வித்துடுவேன், ஸ்வாமி."

காரைக்குள் இருந்த காடு

முதல்நாள் மாதேஷ் ஆசாரி சுவரில் ஓரிடத்தில் காரையைக் கொத்தினார். உள்ளே தேக்குத் தூண்! நாலடி தள்ளிக் கொத்தினோம், இன்னொன்று! தூண்களின் தலையில் உத்தரம், உத்தரத்தைப் பிணைக்க மர ஆணி. இரும்பென்பது மருந்துக்கும் இல்லை. முழத் தடிமனான மண்சுவர் எதையும் சுமக்கவில்லை, இடைவெளியை அடைத்து நின்றதோடு சரி. உலகைத் தாங்கும் பெருமாள் கண்ணுக்குப் புலப்படாமல் உள்ளே உறைகிறான் என்று நாள்தோறும் பாராயணம் செய்த எனக்கு, அதைக் கையால் தொட்டுப் பார்க்கும் பேறு அன்றுதான் வாய்த்தது. ஹனூர்க்காரரான ஆசாரி வேறுவிதமாகச் சொன்னார்: "இது ஊடு இல்லீங்க சாமி, தேரு! சக்கரத்தக் கழட்டிட்டு மண்ணப் பூசிட்டாங்க."

பட்டுக்கடைக்காரரின் யோசனை

முன்கூடத்தைக் கேட்டு வந்தவர் கொள்ளேகாலத்துப் புடவை வியாபாரி பழனிச்சாமி. அவர் வந்தால் மற்ற நால்வரும் வருவர். மறுத்தால் வீடு கடப்பாரைக்கு இரை. நடுவில் நிற்கும் தூணை வெட்டினால்தான் கையெழுத்து என்றார்.

"மாடியே அதன்மேல்தான் நிற்கிறது. இடம்தானே வேண்டும்? பக்கத்துச் சுவரை எடுத்துவிடுகிறேன்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க சாமி, ஆனையாட்டம் நிக்கிற சுவத்த இடிச்சுப்போட்டு, கரும்பாட்டம் நிக்கிற தூண நம்பச் சொல்றீங்களா?"

சுவர் இறங்கிய நாள்

அச்சுவருக்கு நேர்மேலேதான் அம்மாளின் பூஜையறை. பெருமாளை ஒருநாள் மட்டும் வேறறையில் எழுந்தருளப் பண்ணலாமே என வேண்டினேன். "அவர் அசையமாட்டார், நானும் அசையமாட்டேன்" என்று அங்கேயே அமர்ந்துவிட்டார். தளம் சற்றே சாய்ந்தாலும் தெரியும்படி, தீர்த்த வட்டிலில் விளிம்புவரை நீர் நிரப்பி அவர்முன் வைத்தேன்.

கீழே முட்டுக் கொடுத்து, சம்மட்டி ஓங்காமல், கடப்பாரை நுனியால் மண்ணைக் கட்டிகட்டியாகப் பெயர்த்தோம். பழனிச்சாமி தெருவின் எதிர்ச்சாரியில் போய் நின்றுகொண்டார். பிற்பகலில் சுவர் தரைமட்டம். ஆசாரி முட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார். என் உதடுகள் திருநாமத்தை விடவில்லை. கடைசி முட்டும் விழுந்தது. கூடம் கல்யாண மண்டபமாய் விரிந்து கிடந்தது, மாடி நின்றது! மேலிருந்து அம்மாளின் குரல்: "ஸ்வாமி, வட்டில்லே ஒரு சொட்டு சிந்தலை. இன்னும் வேலையே ஆரம்பிக்கலையா?"

புதிய நிபுணர்

பழனிச்சாமி அன்றே கையெழுத்திட்டார். தசராவுக்கு முன்பே ஐந்து கடைகளும் திறந்தன. அம்மாளும் விற்கும் பேச்சை விட்டார். ஒருநாள் கடிகாரக் கடைக்காரர் பெயர்ப்பலகைக்காகத் தம் பங்குத் தூணில் ஆணியடிக்க ஏணி வைத்தார். புடவையை மடித்துக்கொண்டிருந்த பழனிச்சாமி, வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார்: "அட, கைய எடுங்க! வேணும்னா சுவத்துல அடிங்க. கட்டடத்தப் பத்தி ஒண்ணுமே தெரியாம கடை போட வந்துட்டீங்களா?"

அன்பர்களே, வீட்டைத் தூண்கள் தாங்கிக்கொள்ளும். தூண்களைக் காக்கத்தான், அவற்றை வெட்டச் சொன்னவரே குடிவர வேண்டியிருக்கிறது.