இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு வந்தவள்

எங்கள் வீட்டில் 'போறேன்' என்று சொன்னால் முதுகில் ஒன்று விழும். தெருமுனைக்குப் பால் வாங்கப் போனாலும் 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்லவேண்டும். மறந்துபோய் ஓடிவிட்டால் பின்னாலிருந்து கூப்பிட மாட்டார்கள், அதுவும் ஆகாது. திரும்பி வந்ததும் பூசை நடக்கும். இரண்டாம் வகுப்புக்கு வருவதற்குள் அந்தச் சொல் எனக்குச் செருப்பு மாட்டுவதுபோலப் பழகிவிட்டது. வாசற்படியில் கால் வைத்தால் வாய் தானாகச் சொல்லும்.

அதனால்தான், பேராவூரணிக்குப் போகிற பஸ்ஸில் அம்மா சொன்னது என் மண்டையில் ஏறவில்லை. அப்பாவின் அக்காவை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தது. அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. மாமா தென்னந்தோப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. சின்னப்பிள்ளைகளை இழவு வீட்டுக்கு அழைத்துப் போகமாட்டார்கள். என்னை விட்டுவிட்டுப் போகத் தஞ்சாவூரில் ஆளில்லை என்பதால் நானும் போனேன்.

"அங்க யாரும் வாங்கன்னு கூப்பிட மாட்டாங்க, அதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. கெளம்புறப்ப வாயவே தொறக்கக் கூடாது. சொல்லிக்காம எந்திரிச்சு வந்துடணும்" என்றாள் அம்மா.

ஏன் என்று கேட்டேன். வரேன் என்று சொன்னால் அந்த மாதிரிக் காரியத்துக்கே மறுபடி வருகிறாற்போல ஆகிவிடுமாம். சரி என்று தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு என்ன, அது சுலபம்.

அத்தை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவே இல்லை. சுற்றியிருந்த பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தபோதும், எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவி விட்ட பிறகும், யார் வீட்டுத் துக்கத்துக்கோ வந்தவள்போல இருந்தாள். சுடுகாட்டிலிருந்து திரும்பி, தலை முழுகிவிட்டு ஆண்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். மாமாவின் அண்ணன், யாரிடமும் சொல்லாததுபோல எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"இனிமே அதுக்கு இங்க யாரு இருக்கா? பொறந்த வீட்டுல பாத்துக்குவாங்க."

பந்தலே அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. அப்பா ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்துகொண்டிருந்தார். அது எப்போதோ பிழிந்து முடித்த வேட்டி. எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்: வாடகைக்கு ஒரு அறை, அடுப்படி, ஒரு நடை. அப்பா தனியார் பள்ளியில் வாத்தியார். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நான் சொல்லவரவில்லை. அவருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் எழுந்து போக ஊரே அனுமதித்திருந்த ஒரு நாளில் அவர் அங்கே இருந்தார், அவ்வளவுதான்.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனார்கள். அப்பாவும் எழுந்தார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். அப்பா எங்களுக்கு முன்னால் வாசலில் குனிந்து, குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தார். என் கால் வாசற்படியில் பட்டது.

"அத்தை, போயிட்டு வரேன்!"

பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் ஐயா' சொல்கிற குரலில் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்துவதற்குள் முழுசாக வெளியே வந்துவிட்டது. "ஐயையோ! பச்சப் புள்ள, தெரியாம சொல்லிடுச்சு" என்று யாரோ பதறினார்கள். ஒரு கிழவி வாயில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அத்தை அழுதாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு, அந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாததை அவளும் சொன்னாள்: "வா... கட்டாயம் வா."

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை நிற்கவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினாள். திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலாம். நான் படுத்துக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்தேன்: மறுபடி அந்த மாதிரிக் காரியம் என்றால் யாருக்கு? அப்பாவுக்கா, அம்மாவுக்கா? அப்பா பள்ளியிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானாலும் வாசலில் போய் நின்றேன். அவர் சைக்கிள் தெரிந்தால்தான் மூச்சு வரும். பிறகு காய்ச்சல் வந்தது. டாக்டர் ஊசி போட்டார், இறங்கியது; மறுநாள் ஏறியது. உடம்பில் ஒன்றுமில்லையே என்றார் டாக்டர். ஒன்றுமில்லையா! என் வாயால் ஒருவரைக் கொல்லப்போகிறேன் என்பது ஸ்டெதஸ்கோப்பில் எப்படிக் கேட்கும்?

கருமாதிக்கு முன்தினம் அம்மா என் நெற்றியில் துணியை நனைத்துப் போட்டுக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்:

"ஏங்க, புள்ள வாயில வந்துடுச்சு. அது கெட்டதாப் பலிக்கிறதுக்குள்ள நாமளே நல்லதாப் பலிக்க வச்சுடலாம். நாளைக்குப் போறவங்க, அண்ணியக் கையோட கூட்டிட்டு வந்துடுங்க."

"எங்க படுக்க வைக்கிறது?" என்றார் அப்பா.

"நடையில நான் படுத்துக்கறேன்."

மறுநாள் பொழுது சாய ஆட்டோ வந்து நின்றது. அப்பா ஒரு தகரப் பெட்டியை இறக்கினார், பின்னால் அத்தை இறங்கினாள். "வாங்க அண்ணி" என்று அம்மா கையைப் பிடித்து அழைத்துப்போனாள். அன்றைக்கு நான் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். காய்ச்சல் அதற்குப் பிறகு வரவில்லை. தோஷம் கழிந்தது என்று நம்பினேன். அம்மாவும் அதை நம்பித்தான் சொன்னாளா என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "போடி, வேல இருக்கு" என்பதுதான் இன்றுவரை பதில்.

அத்தை அதற்குப் பிறகு எங்களோடுதான் இருந்தாள். நான் வளர்ந்து, படித்து, சென்னைக்கு வேலைக்குப் போனேன். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் 'போயிட்டு வரேன்' என்பேன். "வா" என்பாள். வேறு யார் சொல்லிக்கொண்டு போனாலும் தலையை மட்டும்தான் ஆட்டுவாள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

போன வருஷம் அத்தை இறந்துபோனாள். தஞ்சாவூர் வீட்டில், அவள் படுத்திருந்த இடத்தில் சுவரோரமாக நான் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். முறைப்படிதான் போனார்கள், யார்மேலும் குற்றமில்லை. ஆனால் அப்படி உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு வாசலில் முதுகுகள் மட்டும்தான் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அப்பா கதவோரம் நின்றிருந்தார். எழுபது வயது மனிதர், கடைசி ஆளும் போனபிறகு, என்னிடம் கேட்டார்: "அன்னிக்கு நீ சொல்லலேன்னா நான் அக்காவ அங்கயே விட்டிருப்பேனாம்மா?"

எனக்குப் பேராவூரணி வாசல் கண்முன்னால் வந்துவிட்டது. அத்தை என்னிடம்தான் 'வா' என்று சொன்னாள் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. என் தலைக்கு மேலே, செருப்புத் தேடிக் குனிந்திருந்த தன் தம்பியின் முதுகைப் பார்த்துத்தான் சொன்னாள்.