சம்மட்டிக்கு வந்த காய்ச்சல்

லாரி டயரை ரிம்மிலிருந்து கழற்ற வேண்டுமென்றால் அதை அடிக்க வேண்டும். கெஞ்சினால் வராது. கனத்த சம்மட்டியைத் தலைக்கு மேலே தூக்கி, ரப்பரும் இரும்பும் சேருகிற விளிம்பில் இறக்க வேண்டும். விளிம்பு விட்டுக்கொடுக்கும்வரை இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அண்ணனின் டயர் கடையில் பதினாறு வயதிலிருந்து இந்த வேலையைச் செய்தவளுக்குச் சம்மட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு கணம் யோசித்துத்தான் திரும்புவாள்.

இருபத்திரண்டாவது வயதில், சக்கரம் மாற்ற வந்த ஒரு டிரைவர் பின்னாலிருந்து அவள் இடுப்பைப் பிடித்தான். திரும்பி ஒரே அடி. தாடை எலும்பு விலகி, வாயிலிருந்து ரத்தமும் இரண்டு பல்லும் கொட்ட, அவன் கிரீஸ் தரையில் விழுந்தான். அண்ணன் போலீஸுக்குப் பயந்து ஷட்டரை இறக்கினான். பஞ்சர் ஒட்டக் காத்திருந்த ஒருவர் மட்டும் ஸ்டூலை விட்டு எழவில்லை.

"இடது கையால அடிப்பியா?" என்றார்.

"யாரை?"

"யாரையாவது."

அவர்தான் மாஸ்டர். குத்துச்சண்டை கற்றுக்கொடுப்பவர். ஒரு பழைய கிடங்கின் மாடியில் அவருடைய கூடம் இருந்தது. முப்பது பேருக்கு ஒரே குளியலறை, நான்கு துண்டுகள், கைமாறிக்கொண்டே இருக்கும் தண்ணீர் பாட்டில்கள். ஒருவனுக்குச் சளி பிடித்தால் ஒரு வாரத்தில் பாதிக் கூடம் மூக்கைச் சிந்தும். "உடம்பு சரியான சோம்பேறி. ரெண்டு நாள் விட்டா படுத்துக்கும்" என்பது மாஸ்டரின் மந்திரம். அதை அவர் வாயால் மட்டும் சொல்லமாட்டார். கையுறைகளைக் கோத்து மாட்டும் தடிமனான கயிறு ஒன்று எப்போதும் அவர் தோளில் தொங்கும். கால் தளர்ந்தவன் கெண்டைச் சதையில் அது விழும். சம்மட்டியின் கால்களிலும் விழுந்தது. ஆனால் ஐந்து வருடத்தில் அவள் மாநில அளவில் இரண்டு முறை ஜெயித்தாள். அதனால் கயிற்றைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை.

இருபத்தேழாவது வயதில் தேசிய அணிக்கான தேர்வுப் போட்டி வந்தது. எட்டு வாரம் இருந்தது. காலையில் ஓட்டம், பத்து மணிக்குக் கடை, மதியம் மணல் மூட்டையில் குத்துவது, மறுபடி கடை, மாலையில் ஆளோடு ஆள் மோதல். எடைப் பிரிவுக்காக மூன்று கிலோ குறைய வேண்டும் என்று சோற்றைப் பாதியாக்கினார் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லை.

மூன்றாவது வாரம் சளி பிடித்தது. போனது, மறுபடி வந்தது. ஐந்தாவது வாரம் வாயெல்லாம் புண். புருவத்துக்கு மேலே கிழிந்த சின்னக் காயம் பன்னிரண்டு நாளாகியும் மூடவில்லை. படுத்தால் இதயம் திம்திம் என்று அடிக்கும், தூக்கம் வராது. கடையில் சம்மட்டி கைநழுவி அண்ணனின் கட்டைவிரலை நசுக்கியது.

"டயர் அங்க இருக்கு, நான் இங்க இருக்கேன்டி!" என்று அண்ணன் துள்ளிக் குதித்தான்.

அண்ணி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். வாரம் ஒருமுறை சாப்பாட்டு மேசையிலேயே சம்மட்டியின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் போனாள். மூன்றாவது முறை வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரு தடவை பார்த்துட்டு எதுவும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். வெள்ளை அணு மூணு வாரமா இறங்கிக்கிட்டே இருக்கு. நீ தினமும் உடம்பைப் போட்டு உடைக்கிறே. உடைஞ்சதைக் கட்ட அதுக்கு சோறும் இல்ல, தூக்கமும் இல்ல. அப்புறம் கிருமி வந்தா எதை வெச்சு அடிக்கும்?"

"மாஸ்டர்கிட்ட சொல்றேன் அண்ணி."

சொன்னாள். மாஸ்டர் சிரித்தார். "உங்க அண்ணி ரிங்குக்குள்ள வந்து அடிக்கப் போறாங்களா?"

அன்று மாலையே மூன்று ஆண்களை வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய ஆள். அவளுக்கு மட்டும் மாற்று இல்லை. முதல் ஆளின் மூக்கை உடைத்தாள். இரண்டாவது ஆள் அவள் விலாவில் குத்திக் குத்தி மூச்சை வெளியே தள்ளினான். மூன்றாமவன் அவளை ரிங் கயிற்றில் சாய்த்து அடித்தபோது அக்குளுக்குக் கீழே தோல் கயிற்றில் உரசி வழன்று போனது. புருவக் காயம் பிளந்து கண்ணுக்குள் ரத்தம் ஓடியது. "நிறுத்தாதே!" என்று கத்தினார் மாஸ்டர். கண் தெரியாமலே அவள் வீசிய கையில் அவன் தொண்டை மாட்டியது. அவன் மண்டியிட்டு வாந்தியெடுத்தான். கூடம் கைதட்டியது. ரிங்கின் தரையை யாரோ அதே நான்கு துண்டுகளில் ஒன்றால் துடைத்தார்கள். அந்தத் துண்டாலேயே அவளும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் அக்குளில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி வந்தது. போட்டிக்கு முதல் நாள் அது எலுமிச்சம்பழம் ஆகியிருந்தது. அண்ணி ரத்தம் எடுத்தாள். ஒரு மணி நேரத்தில் ஃபோன் வந்தது.

"இவ்வளவு நாள் இறங்கின அணு இன்னிக்கு ரெண்டு மடங்கு ஏறியிருக்கு. உள்ளே சீழ் பிடிச்சு பெரிய சண்டை நடக்குது. நாளைக்கு ரிங்ல ஏறினே, அப்புறம் நான் பொறுப்பில்ல."

சம்மட்டி போட்டிக்குப் போனாள். எட்டு வாரம் தின்னாமல் தூங்காமல் அடிவாங்கியது வீணாகக் கூடாது என்ற ஒரே எண்ணம். காய்ச்சலை மறைக்க மாத்திரை விழுங்கியிருந்தாள். முதல் சுற்றில் எதிராளியின் உதட்டைப் பிளந்தாள். இரண்டாவது சுற்றில் அந்தப் பெண் அவள் கையைத் தட்டிவிட்டு நேராக அக்குள் பக்கம் ஒரு குத்து விட்டாள். கட்டி உள்ளேயே உடைந்தது. வலி பல்வரை பாய்ந்தது. அதற்குப் பிறகு சம்மட்டிக்கு விளக்குகள் மட்டும்தான் தெரிந்தன. பதினெட்டு குத்துகள் வாங்கினாள் என்று பிறகு வீடியோவில் எண்ணினார்கள். மூன்றாவது சுற்று தொடங்க மணி அடித்தபோது ஸ்டூலிலிருந்து எழுந்து, எதிர்த் திசையில் நடந்து, கயிற்றின்மேல் கவிழ்ந்து விழுந்தாள்.

ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது. கட்டியைக் கீறி, சதையைச் சுரண்டி, ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் வைத்தார்கள். சிறுநீரகம் நின்று, மறுபடி ஓடியது. வார்டுக்கு மாற்றிய அன்று மாஸ்டர் வந்தார்.

"முதல் ரவுண்டு உன்னோடது. ரெண்டாவதுலதான் பயந்துட்டே."

கட்டிலோரம் நின்ற அண்ணன் ஒரே எட்டில் வந்தான். மாஸ்டரின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். இன்னொரு முறை மோதினான். சலைன் கம்பி சரிந்தது. நர்ஸ் அலறினாள். "விடுண்ணா, செத்துடப் போறாரு!" என்று கட்டிலிலிருந்து சம்மட்டி கத்திய பிறகுதான் விட்டான். மாஸ்டர் இருமிக்கொண்டே வெளியேறினார். போகும்போதும், "பயந்தாங்கொள்ளிக் குடும்பம்" என்று சொல்லத் தவறவில்லை.

டாக்டர் பெண்மணி வயதில் சின்னவர், பேச்சில் கறாரானவர். "பயிற்சி எதிரி இல்லம்மா. அளவா பண்றவங்களுக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கும். அடிச்ச அடி ஆறுறதுக்குள்ள அடுத்த அடி, அதோட பட்டினி, தூக்கமில்லை, ஆளாளுக்கு ஒரே துண்டு. கிருமிக்கு நீங்களே கதவைத் திறந்து வெச்சு, காவலாளியையும் அடிச்சுப் படுக்க வெச்சிட்டீங்க" என்றார்.

எட்டு மாதம் அவள் யாரையும் அடிக்கவில்லை. டயரைக்கூட அடிக்கவில்லை. பிறகு ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு சிறிய கூடத்தில் சேர்ந்தாள். அண்ணி சுவரில் காகிதம் ஒட்டினாள்: கடினமான நாளுக்கு மறுநாள் லேசான நாள், வாரத்தில் ஒரு முழு ஓய்வு, எட்டு மணி நேரத் தூக்கம், வயிறு நிறையச் சாப்பாடு, காய்ச்சல் வந்தால் கையுறையைத் தொடக் கூடாது. "ஜெயில்ல கூட இவ்வளவு சட்டம் இருக்காது" என்று சம்மட்டி முணுமுணுத்தாள். ஆனால் சளி பிடிக்காமல் ஒரு மழைக்காலம் கழிந்தது. கை வேகம் திரும்பியது.

அடுத்த மாநிலப் போட்டியின் அரையிறுதியில் எதிரே நின்றவள் மாஸ்டரின் புது மாணவி. இருபது வயது. கன்னம் ஒட்டி, உதட்டோரம் புண்ணோடு இருந்தாள். கெண்டைக் காலில் கயிற்றுத் தழும்புகள்.

மணி அடித்த அரை நிமிடத்தில் அடி விழாமலிருக்க இருவரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சம்மட்டியின் கன்னம் அந்தப் பெண்ணின் தோளில் பட்டது. அடுப்பில் வைத்த இரும்பு போல் சுட்டது. காதருகே மூச்சு கரகரத்தது.

"காய்ச்சலா?" என்று பல் காப்பைக் கடித்தபடி கேட்டாள்.

"வாயை மூடிட்டு அடி" என்றாள் அவள்.

சம்மட்டி விலகி நடுவரிடம், "இவளுக்கு உடம்பு சரியில்ல சார், நிறுத்துங்க" என்றாள். நடுவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டி, கைகளைத் தூக்கிக் காட்டினாள். "சண்டை போடு, இல்லன்னா எச்சரிக்கை கொடுப்பேன்" என்றார் நடுவர்.

மூன்று சுற்று இவளைப் புள்ளிகளுக்காக அடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பது அந்த அரங்கில் சம்மட்டிக்குத்தான் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு தோற்றால், மாஸ்டர் நாளைக்கே இறுதிப் போட்டியில் இவளை ஏற்றுவார். ஒரே வழிதான் இருந்தது. அது நல்ல வழியில்லை.

தலைக்குக் குத்துவதுபோல் வலது கையைக் காட்டினாள். அந்தப் பெண்ணின் முழங்கைகள் மேலே போயின. இடது கையை வலப்பக்க விலாவுக்குக் கீழே, ஈரல் இருக்கும் இடத்தில், உடம்பின் மொத்தப் பாரத்தோடு இறக்கினாள். அந்தப் பெண் ஒரு நொடி நின்றாள். பிறகு காகிதம் மடிவதுபோல் மடிந்து, பல் காப்பைத் துப்பி, தரையைப் பிராண்டினாள். நடுவர் பத்து எண்ணி முடித்தபோதும் எழவில்லை.

அரங்கம் ஊளையிட்டது. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அடித்தவள் என்று ஒருவன் கத்தினான். உடை மாற்றும் அறையின் வாசலில் அந்தப் பெண்ணின் அம்மா ஓடிவந்து சம்மட்டியின் கன்னத்தில் அறைந்தாள்.

"எம் பொண்ணை இப்படி அடிச்சுப் போட்டியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா!"

சம்மட்டி தடுக்கவில்லை. "தெர்மாமீட்டர் வெச்சுப் பாருங்கம்மா. அப்புறம் இன்னொண்ணு அடிங்க" என்றாள்.

போட்டி டாக்டர் வைத்துப் பார்த்தார். நூற்றி மூன்று. நெஞ்சில் சளி கட்டியிருந்தது. அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். அம்மா வண்டியில் ஏறுவதற்கு முன் மாஸ்டர் நின்ற இடத்துக்குப் போய், அவர் தோளில் தொங்கிய கயிற்றை உருவி, எல்லாரும் பார்க்க அவர் முகத்திலேயே வீசி அடித்தாள். யாரும் தடுக்கவில்லை.

நிமோனியா என்றார்கள். மூன்று வாரத்தில் அந்தப் பெண் எழுந்துவிட்டாள். குத்துச்சண்டையை விட்டுவிட்டாள். சம்மட்டியோடு இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. சம்மட்டியும் அதை எதிர்பார்க்கவில்லை. இறுதிப் போட்டியில் அவள் தோற்றாள். மூக்குத்தண்டு உடைந்ததுதான் மிச்சம். தேசிய அணி அவளுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. மாஸ்டரின் கூடம் இப்போதும் நடக்கிறது, கூட்டம் மட்டும் குறைவு.

உடைந்த மூக்கோடு வீட்டுக்கு வந்தவளை அண்ணி உட்காரவைத்துப் பஞ்சு மாற்றினாள். "இனிமே பத்து நாள் கூடத்துப் பக்கம் போகக் கூடாது" என்றாள்.

"பன்னெண்டு நாள் போகல அண்ணி. முதல்ல சோறு போடுங்க" என்றாள் சம்மட்டி.