அரக்கு வைத்த சாவி

ஐம்பத்தெட்டு வயது வரை லோயிஸம்மாவுக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஓர் அறை இருந்ததில்லை. ஊட்டியில் ஒரு விடுதிப் பள்ளியின் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு கம்பளிகள் அவர் பொறுப்பு. அந்தக் கம்பளி அறையின் மூலையிலேயே, ஒரு திரைக்குப் பின்னால், அவருடைய கட்டில். திரையை யார் வேண்டுமானாலும் விலக்கலாம். விலக்கிக்கொண்டும் இருந்தார்கள்.

1984 ஜூலை முதல் தேதி, குன்னூருக்கு மேலே வண்டிச்சோலையில் ஒரு கோடை வீட்டுக்குக் காவலாகப் போய்ச் சேர்ந்தார். வீட்டுக்காரர் கோயமுத்தூரில் மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கும் ஆறுக்குட்டி. காவலுக்கு வருகிறவருக்குப் பின்கட்டில் ஓர் அறை உண்டு. பத்தடிக்கு எட்டடி, கிழக்கே ஒரு ஜன்னல், கதவின் உட்புறம் இரும்புத் தாழ்ப்பாள். முதல் நாள் லோயிஸ் அந்தத் தாழ்ப்பாளை நான்கு தடவை போட்டுப் போட்டு எடுத்தார்.

ஆறுக்குட்டி நல்ல மனிதர். ஆனால் கோயமுத்தூர் வெயிலில் வளர்ந்தவர். அங்கே பூட்டிய வீட்டில் தூசிதான் சேரும். திறந்து பெருக்கினால் தீர்ந்தது. அதே கணக்கை மலைக்கும் கொண்டுவந்தார். ஜன்னல்களை இறுக்கிச் சாத்தி, இடுக்குகளில் பழந்துணி அடைத்து, முன்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். மாற்றுச் சாவியை ஒரு துணிப்பையில் போட்டு, வாயைச் சணலால் கட்டி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றிக் கடை முத்திரையை அழுத்தினார்.

“லோயிஸம்மா, இது உங்ககிட்ட இருக்கட்டும். மூணு சங்கதிக்குத்தான் அரக்கை உடைக்கோணும். தீ, திருட்டு, வெள்ளம். மத்தபடி ஊடு பூட்டினது பூட்டினபடி இருக்கட்டுமுங்க.”

அதைத் தாளில் எழுதி, பின்கட்டுக் கதவில் ஒட்டியும் விட்டார்.

பள்ளியில் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் படுத்தவர் லோயிஸ். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. பையைத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார்.

அடுத்த மே மாதம் குடும்பம் வந்தது. கதவைத் திறந்ததும் ஆறுக்குட்டியின் மனைவி மருதாம்பாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஈரச் சாக்குக்குள் தலையை விட்டது போன்ற வாடை. மறுநாள் மத்தியானமே எல்லோரும் மலை இறங்கிவிட்டார்கள். போகும்போது ஆறுக்குட்டி, காற்று எங்கேயோ உள்ளே வருகிறது என்று சொல்லி, பாக்கி இருந்த இரண்டு இடுக்குகளையும் அடைத்துவிட்டுப் போனார்.

அந்த ஐப்பசியில் பதினேழு நாள் விடாமல் மழை. ஹால் ஜன்னலின் திரைச்சீலை நாலு விரற்கடை விலகியிருந்தது. அந்த வழியாகப் பார்த்தார் லோயிஸ். நாற்காலித் துணியில் பச்சைப் பூசணம். உடனே ஒரு கார்டு எழுதினார். பதில் வந்தது: ‘மலையில் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். கவலை வேண்டாம்.’

1986 பிப்ரவரி ஏழாம் தேதி இன்னொரு கடிதம் வந்தது. ‘மே மூன்றாம் தேதி சனிக்கிழமை வருகிறோம். போன வருஷம் மாதிரி வாடை அடித்தால் வீட்டை விற்றுவிட வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். தரகர் ஹரிதாஸையும் அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறேன்.’

லோயிஸ் கடிதத்தை மடித்தார். வீடு கைமாறினால் பின்கட்டும் கைமாறும். தாழ்ப்பாளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

ஒன்பதாம் தேதி ஞாயிறு, கோயிலுக்குப் போய்விட்டு வந்து மறுபடி அந்த நாலு விரற்கடை வழியாகப் பார்த்தார். சோபாவின் இடது முன்காலில் குடை விரித்து ஒரு காளான் நின்றது. காளான் தீயா, திருட்டா, வெள்ளமா என்று அன்று முழுவதும் யோசித்தார். மூன்றிலும் சேரவில்லை. திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்கு அரக்கை உடைத்தார்.

பக்கத்து எஸ்டேட்டின் லயத்துக் குடியிருப்பிலிருந்த பேச்சி துணைக்கு வந்தார். கொழுந்து பறிக்கிறவர்; வாய் சும்மா இருக்காது. உள்ளே காலை வைத்ததும், “ஏன்க்கா, இது ஊடா, ஊறுகாய்ச் சாடியா?” என்றார்.

“பேசாம அந்த ஜன்னலைத் திற.”

“பேசாமத் திறக்கறதுக்கு ரெண்டு மடங்கு நேரமாகுமே.”

முதலில் ஹாலில் கணப்பை மூட்டினார்கள். சீகை விறகு நன்றாகப் பிடித்தது. ஆனால் புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்பியது. இருவரும் இருமிக்கொண்டே வெளியே ஓடினார்கள். பேச்சி கண்ணைக் கசக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

“அக்கா, உங்க மொதலாளி புகைபோக்கிக்குத் தொப்பி போட்டு வெச்சிருக்காரு.”

மழை உள்ளே வரக் கூடாதென்று ஆறுக்குட்டி ஒரு தகரத்தை வைத்துக் கம்பியால் கட்டியிருந்தார். பேச்சி தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, அங்கிருந்து கூரைக்குப் போய், தகரத்தை அவிழ்த்துக் கீழே போட்டார்.

“மூக்கையும் வாயையும் கட்டிப் போட்டுட்டு, ஏன் நாறுதுன்னு கேட்டா ஊடு என்னக்கா பண்ணும்?”

அதற்குப் பிறகு லோயிஸுக்குத் தெரிந்த வேலை. பனி விலகும் ஒன்பதரைக்கு ஜன்னல்களைத் திறப்பார். மூன்று மணிக்கு, மேகம் இறங்குவதற்கு முன், சாத்துவார். வாரத்தில் இரண்டு நாள் கணப்பு. அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தார். அவற்றின் தட்டுகளில் காய்ந்த தைல மரத்து இலையைப் பரப்பினார். சுவரைச் சுண்ணாம்புத் தண்ணீரால் இரண்டு தடவை துடைத்தார்.

மெத்தைகள்தான் பெரும்பாடு. ஐந்தும் இலவம்பஞ்சு. அதில் ஒன்று மருதாம்பாள் கல்யாணச் சீராகக் கொண்டுவந்தது. மலைக்கு இலவம்பஞ்சு ஆகாது. ஈரத்தைக் குடித்துக் கட்டி கட்டியாகிவிடும். லோயிஸ் தையலைப் பிரித்து, பஞ்சைப் பழைய கொசுவலைக்குள் கொட்டி, வாயைக் கட்டிப் புல்தரையில் உலர்த்தினார். மணிக்கொரு தடவை புரட்டினார். மூன்றாம் நாள் கொசுவலையில் ஒரு கிழிசல். காற்று ஒரு பாகம் பஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தேயிலைச் சரிவில் இறக்கியது.

“தேயிலைக்கு நரை விழுந்திருச்சுக்கா,” என்றார் பேச்சி. “நாளைக்குக் கங்காணி கேட்டா நான் என்ன சொல்ல?”

“வயசாயிருச்சுன்னு சொல்லு.”

இருவரும் கூடையோடு போய், செடி செடியாகப் பஞ்சைப் பொறுக்கி வந்தார்கள். சீர் மெத்தையை லோயிஸ் தன் கையாலேயே தைத்தார்.

மே மூன்றாம் தேதி காலை பதினொன்று பத்துக்குக் கார் வந்தது. ஹரிதாஸ் முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார். லோயிஸ் முந்தின நாளே எல்லாவற்றையும் சாத்திப் பூட்டியிருந்தார். ஆறுக்குட்டி இடுப்புச் சாவியை எடுத்து, கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். ஓர் அடி வைத்தார். கைக்குட்டையை அவிழ்த்தார். இன்னும் இரண்டு அடி வைத்து ஆழமாக மூச்சிழுத்தார்.

“மருதா, வா வா. பாத்தியா? ரெண்டு இடுக்கையும் அடைச்சதோட பலன். நான் அன்னைக்கே சொன்னேன்ல, பூட்டி வெச்சா ஒண்ணும் ஆவாதுன்னு.”

மருதாம்பாள் எல்லா அறைகளுக்கும் போய் வந்தார். கடைசியில் எல்லோரும் படுக்கையறைக்கு வந்து நிற்க, சீர் மெத்தையை அழுத்திப் பார்த்தார். “நல்லாத்தானுங்க இருக்குது. விக்க வேண்டாம்,” என்றார்.

லோயிஸ் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் அறை இந்த வருடம் நிச்சயம். ஆனால் ஆறுக்குட்டி மறுபடி பூட்டிவிட்டுப் போவார். அதற்கு அடுத்த மே மாதம் ஹரிதாஸ் மறுபடி வருவார். அரக்கு உடைந்த பையோ பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. அவர் பின்கட்டுக்குப் போய் அந்தப் பையையும் ஒரு ஜாம் பாட்டிலையும் எடுத்து வந்து ஆறுக்குட்டி முன்னால் வைத்தார்.

ஆறுக்குட்டி முத்திரையைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“உடைச்சிருக்கீங்க.”

“ஆமாங்க சார்.”

“தீப் பிடிச்சுதுங்களா?”

“இல்லீங்க சார்.”

“திருட்டா? வெள்ளமா?”

“அதுவும் இல்லீங்க. காளானுங்க சார்.”

பாட்டிலைத் திருப்பிக் காட்டினார். உள்ளே காய்ந்து சுருங்கிய காளான். வெளியே ஒட்டிய சீட்டில் ‘10.2.86, சோபா, இடது முன்கால்’ என்று எழுதியிருந்தது. பிறகு அந்த மூன்று மாதத்தில் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னார், தகரத் தொப்பி உட்பட. தேயிலைக்கு நரை விழுந்த இடத்தில் மருதாம்பாள் சிரிப்பை அடக்க முடியாமல் சீர் மெத்தை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“சோபாவுல காளானுங்களா? நீங்க அது மேலதானே போன வருசம் காலை நீட்டிப் படுத்திருந்தீங்க?” என்று புருஷனைக் கேட்டார்.

ஆறுக்குட்டி ஹரிதாஸைப் பார்த்தார். அவர் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

“பூட்டி வெச்ச ஊடுகளாலதானுங்க நான் பொழைக்கிறேன்,” என்றார் ஹரிதாஸ். “இந்தம்மா மாதிரி நாலு பேர் இருந்தா நான் வேற தொழில் பாக்கோணும். காப்பி மட்டும் குடுங்க, குடிச்சிட்டுக் கெளம்பறேன்.”

“அந்தச் சாவிய அவுத்துக் குடுங்க,” என்றார் மருதாம்பாள்.

ஆறுக்குட்டி இடுப்பு முடிச்சை அவிழ்க்கச் சற்று நேரம் பிடித்தது. சாவியை நீட்டியவர், பாதியில் கையை நிறுத்தினார்.

“மழைக்காலத்துல திறந்தா சாரல் அடிக்காதுங்களா?”

“சாரல் வர்ற பக்கம் சாத்தி, எதிர்ப்பக்கம் திறப்பேனுங்க.”

“அப்ப சரி.”

சாவி கைமாறியது. மாற்றுச் சாவியை ஆறுக்குட்டி எடுத்துக்கொண்டார். இந்தத் தடவை அரக்கு வைக்கவில்லை. சாயங்காலம் பேனாவோடு பின்கட்டுக்கு வந்து, கதவில் ஒட்டியிருந்த தாளில் மூன்றையும் அடித்துவிட்டு, ‘தினமும் திறக்கவும்’ என்று எழுதினார்.

அந்தக் குடும்பம் அந்த வருடம் பத்தொன்பது நாள் தங்கியது. லோயிஸ் அந்த வீட்டைப் பதின்மூன்று வருடம் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு ஐப்பசியிலும் ஆறுக்குட்டியிடமிருந்து ஒரு கார்டு வரும். அதில் ‘எந்தப் பக்கம் திறந்திருக்கிறது?’ என்ற ஒரே கேள்விதான் இருக்கும். புகைபோக்கித் தகரம் பேச்சியின் கோழிக்கூண்டுக்கு மேல் போய்ச் சேர்ந்தது, அங்கே ஒழுகவில்லை. லோயிஸ் பகலெல்லாம் அந்த வீட்டின் பதினோரு ஜன்னல்களையும் திறந்து வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் தன் அறைக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்வார். கிழக்கு ஜன்னல் மட்டும் ஒரு சாண் திறந்திருக்கும்.