நகர்ந்தால்தான் நேரம்

பைலட்டாக ஆசைப்படுகிறவர்களுக்கு வானத்தைவிட, பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் லாக் புத்தகம்தான் பெரிய கண்டம். எழுபதுகளின் கடைசியில் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபிளையிங் கிளப்பில் காற்று, மேகம், சட்டதிட்டம் எல்லாம் கரும்பலகையில் நடத்தினேன். மாணவர்கள் படித்த நேரத்தையும் பறந்த நேரத்தையும் தனித்தனியாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதும் என் தலையில்தான் விழுந்தது. ரிஜிஸ்தரோடு மாரடித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

நாற்காலிப் பயணம்

அலங்காநல்லூர் முத்துப்பாண்டி துடிப்பான ஆள். வகுப்பு முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு விளக்குமாற்றுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு விமானத்தை ஏற்றி இறக்கிப் பழகுவார். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தையும் பறந்த நேரம் என்று எழுதிவிட்டார். அது தரைப் பயிற்சி, லைசென்ஸுக்கு வேண்டிய நாற்பது மணி நேரத்தில் சேராது என்று அடித்துவிட்டேன்.

"சட்டையப் பாருங்க டீச்சர், தொப்பலா நனைஞ்சிருச்சு. தரையில இருக்கிறவனுக்கு இம்புட்டா வேர்க்கும்?" என்றார்.

பம்ப்செட் நியாயம்

சோதனை எடுக்கும் அதிகாரி மறுநாள் காலை வருவதாக இருந்தார். அவரை விட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். முத்துப்பாண்டிக்கு இருபது நிமிடம் குறைந்தது. இந்தத் தடவையும் லைசென்ஸ் வாங்காவிட்டால் வயலுக்கு வந்துவிட வேண்டும் என்று அவர் அப்பா கெடு வைத்திருந்தார். மதியம் எஞ்சினைப் போட்டதுமே காற்று சுழன்றடிக்க, இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே உறுமவிட்டு இறங்கினார். அதை எழுதச் சொன்னார்.

பறப்பதற்காக விமானம் தானாக நகர்ந்த நொடியிலிருந்து, பறந்து முடித்து ஓய்ந்து நிற்கும் வரைதான் சட்டப்படி பறந்த நேரம். மாட்டேன் என்றேன். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அங்கே வந்திருந்த அப்பாவிடம் முத்துப்பாண்டி நியாயம் கேட்டார்.

"டீச்சர் சொல்றது சரிதான்டா. வாய்க்கால்ல தண்ணி வராம மோட்டார மட்டும் ஓடவிட்டுட்டு, வயலுக்குப் பாய்ச்சிட்டேன்னு சொன்னா நான் விடுவேனா?" என்றார் அவர்.

கடைசி மூன்று நிமிடம்

சாயங்காலம் காற்று அடங்கியது. விமானம் ஓட்டச் சொல்லித்தரும் கேப்டன் பக்கத்தில் உட்கார, முத்துப்பாண்டி கிளம்பினார். பொழுது சாய்வதற்குள் இறங்கியாக வேண்டும். தரை தொட்டபோது என் கடிகாரத்தில் பதினேழு நிமிடம்தான். விமானம் நிறுத்தும் கொட்டகைக்கு உருண்டு வந்து நிற்கும் வரை சட்டம் சேர்த்துக்கொள்ளும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன், மெதுவாக வரச் சொல்லிக் கைகாட்டினேன். விமானம் சாமி ஊர்வலம் மாதிரி வந்தது. இருபத்தோராவது நிமிடத்தில் நின்றது. எனக்குச் சந்தோஷத்தில் கையெழுத்தே கோணலாகிவிட்டது.

"மேல ஒரு பயமும் இல்ல டீச்சர். கீழ வந்து இந்தக் கொட்டகைக்குச் சேர்றதுக்குள்ளதான் உசிரே போயிருச்சு!" என்றார் இறங்கி வந்த முத்துப்பாண்டி.

மறுநாள் தேறினார். பிறகொரு நாள் என்னையும் ஏற்றிக்கொண்டு மதுரையை ஒரு வட்டம் அடித்தார். சும்மா உட்கார்ந்து வருகிறவர்களுக்கு லாக் புத்தகத்தில் இடம் கிடையாது என்பதால், பதினோரு வருஷம் பறக்கப் பாடம் நடத்திய நான் பறந்த நேரம் சட்டப்படி இன்றுவரை பூஜ்யம்தான்.