முற்றல் வெண்டைக்காய் டீச்சர்

காய்க்கடையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறார் கைவேலை டீச்சர். பட்டென்று ஒடிந்தால் திருப்பி வைத்துவிடுகிறார். நார் ஏறி, வளைந்து கொடுக்கிற முற்றல்தான் அவருக்கு வேண்டும். "பாவம், இந்தம்மா வீட்டுக்காரரு என்னத்தத் தின்னுவாரோ!" என்று கடைக்காரர் என்னிடம் கவலைப்பட்டார். வீட்டுக்காரர் வாய்க்கு ஆபத்தில்லை. முற்றின காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தொட்டால்தான் துணியில் பூ அழுத்தமாக விழுமாம்.

அவரிடம் கைவேலை கற்கும் மூன்றாம் வகுப்புக்கே பக்கத்து அறையில் கணக்கு நடத்துகிறவள் நான். அவர் அறையில் ஒரே கும்மாளம். என் வாய்ப்பாட்டைச் சீந்த ஆளில்லை. வயிற்றெரிச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

முன்பு அவர் துணி அச்சடிக்கும் ஆலையில் பிழை பார்ப்பவர். ஒரு பூ கோணலாக விழுந்திருந்தால் முழுத் துணியையும் ஒதுக்கித் தள்ளியவர். அந்தப் பாவத்தைத்தான் இங்கே கழுவுகிறார் போலிருக்கிறது. எந்தப் பிள்ளைக்காவது கை தவறினால் உடனே குரல் கேட்கும்: "அழிக்காத! அதையே இன்னும் ரெண்டு தடவை போடு. ஒரு தடவை வந்தாத்தான் தப்பு. மூணு தடவை வந்துட்டா டிசைன்!"

ஆண்டு விழா மேடைக்குத் திரை வேண்டும். இரண்டு நாளாக வெள்ளைத் துணியைத் தரையில் விரித்து, வகுப்பே வெண்டைப்பூ பதித்தது. ஒருத்தி மட்டும் சுவரோரம் நின்றாள். கணக்கு நோட்டில் தாள் கிழியும்வரை ரப்பர் போடுகிறவள் அவள். தப்பு என்றால் அத்தனை பயம்.

நேற்று டீச்சர் கெஞ்சிக் கூத்தாடி அவளைக் கூப்பிட்டார். நான் வாசலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரடி எடுத்து வைத்தாள். கால் நேராக நீலச் சாயத் தட்டுக்குள். பதறி எடுத்து வைத்ததோ திரையின் நட்டநடுவில்.

என் முதுகுக்குப் பின்னால் தலைமையாசிரியை. "என்ன டீச்சர் இது? விடிஞ்சா விழா. வேற துணிக்கு எங்க போறது?"

குழந்தையின் உதடு துடித்தது. இப்போது அழுதால் இவள் இனி எதையும் தொடமாட்டாள்.

டீச்சர் செருப்பைக் கழற்றினார். தட்டுக்குள் காலை விட்டார். நொண்டியடித்துக்கொண்டே போய், அந்தச் சின்னப் பாதத்துக்குப் பக்கத்தில் தன் பெரிய பாதத்தை அழுத்தினார்.

"ரெண்டு!" என்று வகுப்பே கத்தியது. சுவரோரத்துக்காரியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே.

தலைமையாசிரியை சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் இருமினார். டீச்சர் நீலத் தட்டைக் காலாலேயே மெல்லத் தலைமையாசிரியையின் பக்கம் தள்ளினார்.