முதல் பில்லை

காற்றை அடைத்து வைத்துப் பிழைப்பு நடத்தலாம் என்று பத்து வருடத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் செம்மொழி வாய்விட்டுச் சிரித்திருப்பாள். இப்போது அந்தக் காற்றுதான் அவளுக்குச் சோறு போடுகிறது. தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் போகும் சாலையில் ஒரு பழைய நெல் குடோன். துபாயிலிருந்து திரும்பிய சூர்யபிரகாஷ், தாத்தா காலத்து அந்தக் கட்டடத்துக்கு மஞ்சள் சாயம் பூசி, குழந்தைகள் குதித்து விளையாடும் கூடமாக மாற்றிவிட்டான். உள்ளே ஒரே ஒரு காற்றடைத்த கோட்டை. யானை முகம் வைத்த வாசல், நான்கு கோபுரம், தவழ்ந்து போகிற சுரங்கம், சறுக்கு, பின்னால் பிளாஸ்டிக் பந்து நிரப்பிய பந்துக்குழி. இரண்டு மெஷின் ஓயாமல் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் கோட்டை படுத்துவிடும்.

செம்மொழிக்கு அங்கே எல்லா வேலையும் உண்டு. செருப்பை வாங்கி வைப்பாள். வழுக்காத காலுறையை மாட்டிவிடுவாள். பிள்ளையின் கையில் எண் போட்ட காகிதப் பட்டையைச் சுற்றி, அதே எண் போட்ட பிளாஸ்டிக் பில்லையைச் சுவர்ப் பலகையில் ஆணியில் மாட்டுவாள். பிள்ளை இறங்கித் தாய் கைக்குப் போனதும் பில்லையைக் கழற்றிவிடுவாள். பலகை காலி என்றால் கோட்டை காலி. கம்ப்யூட்டர் எல்லாம் வேண்டாம் என்று அவளே செய்துகொண்ட ஏற்பாடு. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரே ஒரு விஷயம் மட்டும் அவள் அப்பா அரசப்பனிடமிருந்து வந்தது. ஆயுசு முழுக்க அடுத்தவர் களத்தில் நெல் அளந்தவர் அவர். முதல் மரக்காலைத் தனியாகச் சாமிக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் அளக்கவே தொடங்குவார். அது குவியலில் சேராது, கணக்கிலும் வராது. செம்மொழியும் அப்படியே செய்தாள். அன்றன்றைக்கு வரும் முதல் பிள்ளையின் பில்லை சாமி படத்தடிக்குப் போகும். பலகை இரண்டிலிருந்துதான் தொடங்கும். முதலில் வந்த பிள்ளையின் முகத்தை மனதில் வைத்துக்கொள்வாள். எட்டு மாதமாக ஒரு தவறும் நடந்ததில்லை.

அந்தக் கோட்டை மட்டும் அவளுக்கு ஆகாது. பயம் என்றே சொல்லலாம். மெஷினை நிறுத்தியதும் முதலில் யானையின் தும்பிக்கை தொங்கும். பிறகு கோபுரங்கள் ஒவ்வொன்றாகத் தலை கவிழும். தீராத சீக்காளி புரண்டு படுப்பது போல நீளமாக ஒரு முனகல் வரும். சரிந்த ரெக்சினுக்கு அடியில் மிச்சக் காற்று கட்டி கட்டியாக அங்கும் இங்கும் ஊர்ந்து திரியும். முதல் வாரத்தில் உள்ளே பூனை மாட்டிக்கொண்டது என்று அலறியிருக்கிறாள். சூர்யபிரகாஷ் வந்து அந்த மேட்டை ஒரு மிதி மிதித்துக் காட்டினான்.

“காத்துக்கா. வெறும் காத்து.”

அதிலிருந்து எது அசைந்தாலும் காற்று என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளப் பழகிவிட்டாள்.

ஐப்பசி அடைமழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்ட நாள் அது. புருஷன் நெடுமாறன் திருப்பூரில் ஜேசிபி ஓட்டுகிறான். ஆறு வயது மகள் நிறைமதியை எங்கே விடுவது? கையோடு கூட்டி வந்துவிட்டாள். “நாள் பூரா விளையாடட்டும்க்கா” என்றுதான் சூர்யபிரகாஷ் சொன்னான். ஆனால் வேலைக்காரி மகள் என்று வருகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிடக் கூடாது என்பதில் செம்மொழிக்கு அளவுக்கு மீறிய ரோஷம். திறப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் போதும் என்று முடிவு செய்தாள்.

ஊரான் பிள்ளைக்குக் கட்டுவது போலவே ஒன்றாம் எண் பட்டையை மகள் கையில் கட்டினாள். காலுறை போடவில்லை, அது விற்பனைக்கு உள்ளது. பில்லையைச் சாமி படத்தடியில் வைத்தாள்.

“பதினோரு மணிக்கு ஆளுங்க வந்துடுவாங்க. வந்ததும் இறங்கிச் செருப்பு ரூம்ல உக்காந்துக்கணும். சத்தம் கேக்கக் கூடாது. மூச்சு விடக் கூடாது. சரியா?”

“சரிம்மா.”

சொன்னபடி பதினோரு மணிக்கு இறங்கி, வண்ணம் தீட்டும் புத்தகத்தோடு செருப்பு அறையில் உட்கார்ந்தாள் பெண். செம்மொழி கண்ணால் பார்த்தாள். அதோடு மகளை மறந்தாள். விடுமுறைக் கூட்டம் நெட்டித் தள்ளியது. பன்னிரண்டரை மணிக்குப் பலகையில் பத்தொன்பது பில்லைகள் தொங்கின.

அப்போதுதான் மின்சாரம் போனது. அது புதிதில்லை. அரை நிமிடத்தில் ஜெனரேட்டர் உறுமும். அன்று உறுமவில்லை. அதன் கொட்டகைக்குள் மழைத் தண்ணீர் ஏறியிருந்தது. சூர்யபிரகாஷ் அங்கே ஓடினான். தும்பிக்கை தொங்கத் தொடங்கியது.

செம்மொழி பதறவில்லை. வாசலில் நின்றுகொண்டு, தகரக் கூரையில் கொட்டும் மழைச் சத்தத்துக்கு மேலாகக் குரல் கொடுத்தாள். “ரெண்டு! மூணு வா கண்ணு! நாலு!” ஒவ்வொன்றாக இழுத்துத் தாய்மார் கையில் கொடுத்தாள். இருபதாம் எண் பையன் அழுதுகொண்டே வந்து சேர்ந்தபோது பலகை காலி. “நல்லா பாத்துக்கிறீங்க” என்று ஒரு அம்மாள் மனதாரச் சொன்னாள். செம்மொழிக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வெளியே மழை விட்டபாடில்லை. எல்லோரும் அந்த அரை இருட்டில் கோட்டை சாவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுவரிலிருந்து பழைய நெல்லின் புழுங்கிய வாடை எழுந்தது. முனகல் நீண்டுகொண்டே போனது. தாயின் இடுப்பிலிருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று விரல் நீட்டியது.

“பாப்பா. உள்ள பாப்பா.”

“பாப்பா இல்லடா செல்லம், எல்லாரும் வந்துட்டாங்க” என்றாள் அதன் தாய்.

குழந்தை கையை மடக்கவில்லை. “பாப்பா தூங்குது.”

செம்மொழி எட்டிப் பார்த்தாள். குழந்தை காட்டிய இடத்தில், சுரங்கம் இருந்த பக்கம், ஒரு மேடு தெரிந்தது. காற்று என்று சொல்லிக்கொண்டாள். பலகையைப் பார்த்தாள். ஆணிகள் வெறுமையாக இருந்தன. மறுபடி மேட்டைப் பார்த்தாள். காற்றுக் கட்டி ஓரிடத்தில் நிற்காது, எட்டு மாதமாகப் பார்க்கிறாள். இது நின்றது. மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது. திரும்பவும் ஏறியது.

பேய் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. மூட்டை சரிந்து யாராவது இந்தக் குடோனில் செத்திருப்பார்களோ, சொல்லாமல் மறைத்துவிட்டார்களோ என்று புத்தி எங்கெங்கோ ஓடியது. பெற்ற பிள்ளையின் பக்கம் மட்டும் ஓடவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வரும்.

திருநீறு எடுக்கத்தான் சாமி படத்திடம் போனாள். விரலில் பில்லை இடறியது. ஒன்று.

இரண்டிலிருந்து இருபது வரை கூப்பிட்டிருக்கிறாள். ஒன்றைக் கூப்பிடவே இல்லை. சரி, அவள்தான் செருப்பு அறையில் இருக்கிறாளே என்று சொல்லிக்கொண்டே நடந்தாள், பிறகு ஓடினாள். அறையில் வண்ணப் புத்தகம் திறந்து கிடந்தது. பாதி கடித்த முறுக்கு இருந்தது. நிறைமதி இல்லை.

எப்படிக் கோட்டைக்குள் பாய்ந்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை. சரிந்த ரெக்சின் முதுகில் பாறையாக அழுத்தியது. அதற்குள் வேறு மாதிரி இருட்டு, வேறு மாதிரி வெக்கை. கையால் துழாவித் துழாவி ஊர்ந்தாள். பந்துகள் அகப்பட்டன. யாரோ விட்டுப்போன காலுறை ஒன்று அகப்பட்டது. பிறகு ஒரு கால். காலுறை இல்லாத, வியர்வையில் சில்லிட்ட வெறுங்கால்.

பின்னால் வந்த சூர்யபிரகாஷும் நாலு பேரும் ரெக்சினைத் தூக்கிப் பிடிக்க, மகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நிறைமதியின் முகம் முழுக்க வியர்வை. கண் திறந்திருந்தது. அழவில்லை, கத்தவில்லை. இரண்டு கையாலும் தன் வாயைத் தானே இறுகப் பொத்தியிருந்தாள். வெளிச்சத்துக்கு வந்த பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை. செம்மொழிதான் விரல் விரலாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

“யாரு பிள்ளைங்க இது?” என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

“என் பிள்ளை” என்றாள் செம்மொழி. “நான் பெத்த பிள்ளைங்க.”

டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்றார். நாலு மணிப் பேருந்தில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். இரண்டு பக்கமும் வயல் தெரியாமல் தண்ணீர் நின்றது. நிறைமதி ஜன்னலோரம் உட்கார்ந்து பிஸ்கட் தின்றாள். அதுவரை அடக்கி வைத்திருந்ததைச் செம்மொழி கேட்டே விட்டாள்.

“திரும்ப ஏன்டி உள்ள போனே?”

“பின்னாடி பந்து இருக்கிற ஓட்டை வழியா போனேன்மா. கொஞ்ச நேரம்தான். யாரும் பாக்கல.”

“சரி, கோட்டை விழுறப்பவாவது கத்தியிருக்கலாம்ல? நான் வாசல்லதானே நின்னேன்?”

“ஆளுங்க இருக்கிறப்ப சத்தம் போடக் கூடாதுன்னு நீதானேம்மா சொன்ன.” நிறைமதி கையிலிருந்த காகிதப் பட்டையைத் திருப்பிக் காட்டினாள். “நீ நம்பர் கூப்ட்டது எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு, மூணு, நாலு, எல்லாம் கேட்டுச்சு. எல்லாரும் போனப்புறம் என் நம்பரையும் நீ கூப்பிடுவேன்னு படுத்திருந்தேன்.”

பேருந்தில் முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யார் பார்த்தால் என்ன என்று செம்மொழி வாய்விட்டு அழுதாள்.