கை நனைக்காத சம்பந்தி

திண்டுக்கல்லில் இருந்து வடமதுரை போகிற வழியில் எத்தனை கக்கூஸ் இருக்கிறது என்று கேட்டால் கலெக்டருக்குக்கூடத் தெரியாது. பொன்னழகுவுக்குத் தெரியும். பதினொன்று. அதில் தண்ணீர் வருவது ஏழு, தாழ்ப்பாள் உள்ளது ஐந்து. பூட்டுக்குப் பேர் போன ஊரில் ஒரு கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்க ஆளில்லையே என்பது அவருடைய ஒன்பது வருட ஆதங்கம்.

பொன்னழகு தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். வயது ஐம்பத்திரண்டு. பெருங்குடலில் புண். முதலில் மூலம் என்றார்கள், பிறகு சூடு என்றார்கள், அப்புறம் யாரோ செய்வினை வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர் பின்பக்கமாகக் கேமராவை விட்டு, அவருடைய குடலை அவருக்கே டிவியில் போட்டுக் காட்டினார். கேபிள் பதிக்கத் தோண்டிப் போட்ட தெரு மாதிரி கிடந்தது.

"இது வரும், போகும். முழுசாப் போகாது. மாத்திரையை மட்டும் விட்டுறக் கூடாது" என்றார் டாக்டர்.

"எங்க மச்சினன் மாதிரின்னு சொல்லுங்க."

பக்கத்தில் நின்ற கண்ணம்மாள், ஆஸ்பத்திரி என்றும் பாராமல் புருசனை இடுப்பில் கிள்ளினாள்.

அன்றிலிருந்து பொன்னழகுவின் வாழ்க்கை இரண்டு வகை நாட்களாகப் பிரிந்தது. நல்ல நாளில் இரண்டு தடவை. கெட்ட நாளில் எட்டு, பத்து. கெட்ட நாளில் ரத்தமும் போகும். ரொம்ப மோசமானால் டாக்டர் இன்னொரு மாத்திரை கொடுப்பார். அதைப் போட்டால் கன்னம் உப்பிவிடும். ரத்தம் போய் நடக்கத் தெம்பில்லாமல் கிடக்கும் நேரத்தில்தான் பார்க்கிற ஆளெல்லாம், "என்னண்ணே, பூசுனாப்புல ஆயிட்டீக! அண்ணி நல்லா ஆக்கிப் போடுறாக போல" என்பார்கள். பொன்னழகு மறுக்க மாட்டார். ஒன்பது வருடத்தில் கிடைத்த ஒரே பாராட்டு, அதையும் எதற்கு விட வேண்டும்.

வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தது டிரைவர் சனாவுல்லா. விசில் ஒன்று அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் போக வேண்டும். இது எல்லா பஸ்ஸுக்கும் உள்ளது. இவர்கள் பஸ்ஸுக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று உண்டு. இடைவிடாத நீள விசில். அது கேட்டதும் சனாவுல்லா எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல் நேரே பெட்ரோல் பங்க்கில் கொண்டுபோய் விடுவார். பொன்னழகு பணப்பையை அவர் மடியில் வீசிவிட்டு இறங்கி ஓடுவார்.

"டயர்ல காத்துப் பாக்கணும், செத்த நேரம் இருங்க" என்பார் சனாவுல்லா பயணிகளிடம்.

"அது என்ன பாய், தினமும் இதே எடத்துல எறங்குது ஒங்க டயர் காத்து?" என்று மில்லுக்குப் போகும் புஷ்பமேரி ஒருநாள் கேட்டாள்.

"டயருக்குக் கூச்ச சுபாவம்மா. வேற எடத்துல எறக்காது."

அப்புறம் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்துபோனது. தெரியாத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்ளும் பெருந்தன்மையும் அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு இருந்தது.

சாப்பாடுதான் பெரிய தொல்லை. கெட்ட நாட்களில் குழைய வடித்த சோறு, மோர், வேகவைத்து மசித்த கேரட், தோல் நீக்கிய உருளைக்கிழங்கு. இதை வைத்துக்கொண்டு, நாலு வீடு தள்ளி பிரியாணிக் கடை இருக்கும் தெருவில் ஒரு மனிதன் குடியிருக்க வேண்டும். காலை பதினொரு மணிக்கு அங்கே தம் உடைப்பார்கள். வாசனை கூப்பிடாமலே வீட்டுக்குள் வந்து உட்காரும். பொன்னழகு மோர்ச் சோற்றைக் கையில் எடுத்து, வாசனையை மூக்கில் இழுத்து, இரண்டையும் ஒன்றாக விழுங்குவார். "தொட்டுக்க வெஞ்சனம் காத்துல வருது, செலவு மிச்சம்" என்பார் கண்ணம்மாளிடம்.

யோசனை சொல்கிறவர்களுக்கும் குறைவில்லை. மணத்தக்காளி, மாதுளைத் தோல், வெறும் வயிற்றில் வெந்தயம். ஆட்டுக் குடலைச் சுத்தம் பண்ணி சூப் வைத்துக் குடித்தால் குடலுக்குக் குடல் சரியாகிவிடும் என்றான் மச்சினன். "அப்ப ஒனக்கு மூளை வறுவல் வாங்கித் தரணும்டா" என்றார் பொன்னழகு. இரண்டு மாதம் அவன் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த வைத்தியம் பலித்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் மகன் முகேஷ்குமாருக்கு ஒட்டன்சத்திரத்தில் பெண் அமைந்தது. பெண் தமிழ்மதி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா ஈஸ்வரன் மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருந்தார். பெண் பார்த்து நாற்பது நாள் ஆகிவிட்டது. இரண்டும் போனில் பேசிப் பேசி, முகேஷுக்கு வலது காது சிவந்துபோயிருந்தது. மிச்சம் இருந்தது உறுதி பண்ணுவதுதான். மாப்பிள்ளை வீட்டார் போய்ப் பேசி முடித்து, பெண் வீட்டில் இலையில் உட்கார்ந்து கை நனைக்க வேண்டும். அதற்கு முன்னால் குடித்த காப்பி, தின்ற பஜ்ஜி எல்லாம் வழிப்போக்கனுக்குக் கொடுக்கிற உபசாரம்தான். கை நனைத்தால் சம்மதம். நனைக்காமல் எழுந்தால் வேண்டாம் என்று வாயால் சொல்லத் தேவையே இல்லை.

ஒட்டன்சத்திரம் போவதற்கு முந்தின வாரம் பொன்னழகுவின் குடல் மறுபடி கோளாறு பண்ண ஆரம்பித்தது.

"இங்க பாருங்க" என்றாள் கண்ணம்மாள். "அங்க வந்து சீக்கு கீக்குன்னு வாயத் தொறந்தீக, நான் மனுசியா இருக்க மாட்டேன். பரம்பரை நோயின்னு சொல்லி வெரட்டி விட்ருவாக. புள்ள அந்தப் பொண்ணு மேல உசுரா இருக்கான். கல்யாணம் முடியட்டும், அப்பறம் மைக்கு வச்சுச் சொல்லுங்க."

"வாயத் தொறக்காம எப்படிடி திங்கிறது?"

"திங்க மட்டும் தொறங்க."

பொன்னழகு தன் பங்குக்கு ஒரு திட்டம் போட்டார். முந்தின நாள் மதியத்தில் இருந்தே பட்டினி. உள்ளே சரக்கு இல்லாவிட்டால் வெளியே என்ன வரும்? ஒன்பது வருட அனுபவசாலி போடக்கூடாத கணக்கு அது. பட்டினி கிடந்த குடல் இன்னும் கோபமாகத்தான் முறுக்கும்.

மறுநாள் வேனில் ஒன்பது பேர். வடமதுரை ரோடு என்றால் பொன்னழகு கண்ணை மூடிக்கொண்டு போவார். ஒட்டன்சத்திரம் ரோடு அவருக்கு அந்நிய தேசம். ஒரு பங்க்கிலும் பழக்கமான முகம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். வேனை விட்டு இறங்கியதும், "வாங்க வாங்க, வாங்க சம்பந்தி" என்று கும்பிட்ட ஈஸ்வரனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை: "பாத்ரூம் எங்கன இருக்கு?"

கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால், கிணற்றைத் தாண்டி, தென்னந்தோப்பு ஓரத்தில் இருந்தது. உள்ளே பல்ப் எரியவில்லை. டார்ச்சுக்காக போனை எடுத்துக்கொண்டு போனார். பேச்சு தொடங்கி அரை மணி நேரத்துக்குள் மூன்று தடவை போனோடு போய் வந்தார். பெண்ணின் தாய்மாமன் மலைச்சாமி வாசல் தூணில் சாய்ந்து நின்று மூன்றையும் எண்ணிக்கொண்டிருந்தார்.

பேச்சு நன்றாகவே முடிந்தது. இலை போட்டார்கள்.

அது இலை இல்லை, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டைச் சுருக்கி வாழையிலையில் இறக்கியிருந்தார்கள். முருங்கைக்காய் போட்ட சாம்பார், மொச்சைப் பொரியல், அவரைக்காய், முட்டைக்கோஸ், வெண்டைக்காய், கத்தரிக்காய், பச்சை வெங்காயப் பச்சடி, மாங்காய் ஊறுகாய். நாரும் தோலும் விதையுமாக, டாக்டர் எழுதிக்கொடுத்த 'தொடக்கூடாதவை' பட்டியல் வரிசை மாறாமல் பரிமாறப்பட்டிருந்தது.

"அத்தனையும் நம்ம மண்டிச் சரக்குங்க" என்றார் ஈஸ்வரன் நெஞ்சு நிமிர்த்தி. "கேரளாவுக்குப் போற மொதல் தரத்துல இருந்து எடுத்து வச்சதுங்க. கூச்சப்படாம சாப்பிடுங்க."

மாப்பிள்ளையின் அப்பா முதலில் கை வைக்க வேண்டும். பந்தி முழுக்க அவர் கையையே பார்த்தது. கண்ணம்மாள் கண்ணாலேயே சோற்றைப் பிசைந்தாள். பொன்னழகு சிரித்துக்கொண்டே கையை இலைக்கு மேலே கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்துக் குடல் நீள விசில் அடித்தது.

கை இலையைத் தொடவில்லை. எழுந்தார். செருப்பைக்கூடத் தேடாமல் பின்பக்கம் ஓடினார்.

திரும்பி வர கால் மணி நேரம் ஆனது. வந்து பார்த்தால் ஒருத்தர் இலையிலும் ஒரு பருக்கை கலையவில்லை. சாம்பார் ஆறிப்போயிருந்தது. கதவுக்குப் பின்னால் தமிழ்மதியின் சேலை ஓரம் தெரிந்தது. முகேஷ் பரீட்சையில் ஒன்றும் தெரியாதவன் மாதிரி இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏனுங்க" என்றார் ஈஸ்வரன். குரலில் பழைய குழைவு இல்லை. "புடிக்கலீன்னா பேசுறப்பவே சொல்லியிருக்கலாமுங்க. இல போட்டப்பறம் எந்திரிச்சுப் போனா என்ன அர்த்தமுங்க?"

"நான்தான் அப்பவே பாத்தனுங்களே" என்றார் மலைச்சாமி. "வந்ததுல இருந்து போனும் கையுமா தோப்புப் பக்கம் போறாரு, வாறாரு. வேற எங்கியோ பேச்சு நடக்குதாட்ட இருக்குதுங்க. இல்லீன்னா சொத்துக் கணக்குக்குத் தென்னமரத்த எண்ணிப் பாத்துட்டு வாறாரு."

பொன்னழகு மனைவியைப் பார்த்தார். அவள் தலையை லேசாக ஆட்டினாள். வேண்டாம் என்று அர்த்தம். மகனைப் பார்த்தார். அவன் நிமிரவே இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் சம்பந்தம் போச்சு. திறந்தாலும் போகலாம். எப்படியும் போவதென்றால் தென்னமரம் எண்ணினவன் என்ற பேரோடு போகக் கூடாது என்று தோன்றியது.

"மரமெல்லாம் எண்ணலங்க" என்றார். "உள்ள லைட்டு எரியல, டார்ச்சுக்குத்தான் போனு. எனக்குக் குடல்ல புண்ணு. ஒம்போது வருசமா. இன்னிக்கு இதோட அஞ்சாவது தடவை. இந்த எலையில இருக்குறதுல சோத்தத் தவிர எதத் தின்னாலும் நான் ஒங்க தோப்புலயே குடியிருக்க வேண்டியதுதான். பொண்ணு தங்கம். மண்டிச் சரக்கும் மொதல் தரந்தான். என் குடலுதான் கழிச்சுக்கட்டுன சரக்கு."

பந்தியின் கடைசியில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். கண்ணம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஈஸ்வரன் சிரிக்கவில்லை. "பையனுக்கு வருமுங்களா?" என்றார்.

நியாயமான கேள்வி. "வரும்னு சொல்ல முடியாது, வராதுன்னு எழுதியும் தர முடியாது. அவனுக்கு இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல. கல்லத் தின்னாலும் செரிக்கிற வயிறு. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்" என்றார் பொன்னழகு.

பரிமாற வந்தவர் ரசவாளியோடு அப்படியே நின்றார். கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல், வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி வந்தது.

"அப்பா, காலேஜ்ல இருந்து நான் தைராய்டு மாத்திர சாப்பிடுறத நீங்க இவங்ககிட்டச் சொல்லீட்டீங்களா?"

ஈஸ்வரன் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கூரையில் ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"அது... கல்யாணம் முடியட்டும்னு..." என்று இழுத்தார்.

"தைராய்டா!" என்று முந்தானையை விலக்கினாள் கண்ணம்மாள். "இம்புட்டு நாள் பேசுறோம், ஒரு வார்த்த சொல்லலையே! மறைக்கிற விசயமா இது?"

"நீ பேசாத" என்றார் பொன்னழகு.

முகேஷ் இப்போதுதான் நிமிர்ந்தான். அவனுக்குத் தைராய்டு விவரம் முன்னமே தெரியும் என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது. நாற்பது நாள் போனில் வேறு என்னதான் பேசியிருப்பார்கள்.

ஈஸ்வரன் ஒரு பெருமூச்சு விட்டு, "சம்பந்திக்கு என்ன ஆகுமோ அதக் கொண்டாங்க" என்றார் உள்ளே பார்த்து. சோற்றைக் கையால் மசித்து, மோர் ஊற்றி, உப்புப் போட்டுக் கிண்ணத்தில் வந்தது.

"செத்த இருங்க" என்று கையை நீட்டித் தடுத்தார் மலைச்சாமி. "மோர்ச் சோத்துல கை வச்சா கை நனைச்சதா ஆகுமுங்களா? சாம்பார் வேண்டாமுங்களா?"

இதற்குக் கால் மணி நேரம் விவாதம் நடந்தது. காய் சேராமல் விருந்து ஆகாது என்றது ஒரு கட்சி. அந்த வீட்டு உப்பு நாக்கில் பட்டால் போதும் என்றது இன்னொரு கட்சி. "நனைக்கணும்னுதானுங்க சொல்லியிருக்குது. சாம்பார விட மோருதான் நல்லா நனையும்" என்று ரசவாளிக்காரர் தீர்ப்புச் சொன்னார். பொன்னழகு கிண்ணத்துக்குள் கையை விட்டு, மணிக்கட்டு வரை நனைத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினார். அப்புறம் நாலு வாய் சாப்பிட்டார். முப்பது இலைகளில் ஒரே நேரத்தில் கை இறங்கியது.

கை கழுவி, வெற்றிலைத் தட்டு வந்தபோது பொன்னழகு தொண்டையைச் செருமினார்.

"எங்களுக்கு நகை, வண்டி, சீர் ஒண்ணும் வேணாம். ஆனா ஒரே ஒரு கண்டிசன் உண்டு."

ஈஸ்வரனின் முகம் இறுகியது. மலைச்சாமி தூணை விட்டு நிமிர்ந்து வந்தார். 'இப்போதுதான் விசயத்துக்கு வருகிறான்' என்று அவர் பார்வை சொன்னது.

"மண்டபம் புடிக்கிறப்ப மணமேடையில இருந்து பத்தடிக்குள்ள கக்கூஸ் இருக்கணும். தண்ணி வரணும். தாழ்ப்பாள் இருக்கணும்."

மலைச்சாமி சட்டைப் பையில் இருந்து போனை எடுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். மண்டப மேனேஜருக்குக் கூப்பிட்டுவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்:

"சம்பந்தி, குத்த வச்சு உக்கார்றதுங்களா, சேர் மாதிரிங்களா?"